வசனத்தின் பின்பக்கம் இஸ்பேட்

போன வாரம் பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது ஒரு வாக்குத்தத்த அட்டை நழுவி விழுந்தது. வருசப்பிறப்பு ஆராதனையில் சபையார் ஆளுக்கொன்றாக உருவி எடுப்பார்களே, அந்த வசன அட்டைதான். ஒரு பக்கம் வசனம். மறுபக்கம் பேனாவால் வரைந்த இஸ்பேட் ஒன்பது. என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த அட்டைகளில் இதுவும் ஒன்று.

அப்போது நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. அது தலைமையாசிரியையின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். அவர் வராந்தாவில் நடந்தால் மின்விசிறிகூடச் சத்தம் குறைத்துச் சுற்றும். நிகழ்தகவுப் பாடம் தொடங்கிய அன்று, "ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து..." என்று முழங்கினேன். முன்பெஞ்சுப் பெண் எழுந்து, "சாறே, இஸ்பேடுண்ணா என்னது?" என்றாள். சீட்டைத் தொடுவதே பாவம் என்று வளர்ந்த வீடுகள். கைடில் இருந்த விடை எல்லோருக்கும் மனப்பாடம். சீட்டுக்கட்டை ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை.

மறுநாள் ஒரு கட்டு வாங்கி, சாராயப் புட்டியை மறைப்பவன்போலச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒருத்தி கட்டைக் கலைப்பாள். இன்னொருத்தி, ராஜாவும் ஏழும் என்பதுபோல, இரண்டு பெயர் சொல்வாள். நான் கண்ணை மூடிக் கட்டின்மேல் ஊதுவேன். விரித்தால் எங்கேயாவது ஒரு ராஜாவும் ஒரு ஏழும் ஒட்டியோ, நடுவில் ஒரே ஒரு சீட்டை விட்டோ கிடக்கும். இதில் கைவித்தை எதுவும் கிடையாது. நன்றாகக் கலைத்த கட்டில் நாலு தடவைக்கு ஏறக்குறைய மூன்று தடவை தானாகவே அப்படி அமையும். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கொஞ்ச நாள் மந்திரவாதியாகத் திரிந்தேன். என் மூஞ்சிக்கு அப்படியொரு மரியாதை அதற்குமுன் கிடைத்ததில்லை.

வீட்டில் செய்து பார்க்கப் பிள்ளைகள் சீட்டுக்கு எங்கே போவார்கள்? பைபிளுக்குள் சேர்ந்து கிடந்த பழைய வாக்குத்தத்த அட்டைகளின் பின்பக்கத்தில் வரைந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது அட்டையைத் திருப்பிய தாயார், ஆடுதன் ராணியைக் கண்டு அலறியிருக்கிறார். மறுநாள் அந்த வசன அட்டைக் கட்டு பெரிய டீச்சரின் மேசையில் இருந்தது.

"வசனத்துக்குப் பொறத்த இஸ்பேடா சாறே? பிள்ளையளுக்குச் சூதாட்டமா படிச்சுக் குடுக்கீரு?"

"சூதாட்டம் இல்ல டீச்சர், நிகழ்தகவு" என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் சொல்லும் சமாதானம்போல அது என் காதுக்கே கேட்டது.

"எனக்க முன்ன நடத்தும், பாக்கட்டு. நீரு இங்க நிக்கணுமா போணுமாண்ணு பெறவு சொல்லுகேன்."

வகுப்பில் அவரே கட்டைக் கலைத்தார். "ஒம்பதும் ராணியும்" என்றார். வேலை போகும் பயத்தில் வழக்கத்தைவிடப் பலமாகவே ஊதினேன். விரித்தால், ஒன்பதுகளும் ராணிகளும் சண்டை போட்ட சம்பந்திகள்போல ஒன்றையொன்று அண்டாமல் கிடந்தன.

இனயத்திலிருந்து பஸ் ஏறி வரும் மீனவர் வீட்டுப் பெண் எழுந்தாள். "டீச்சர், இது தப்பில்ல. நாலு தடவ செய்தா ஒரு மட்டம் இப்பிடித்தான் போவும். நாங்க நெறைய மட்டம் செய்து பாத்தாச்சு."

"அப்பம் சாறு ஊதினது?"

"அது சும்மா டீச்சர். ஊதியும் பாத்தோம், ஊதாமலும் பாத்தோம். ரெண்டும் ஒரே கணக்குத்தான். சாறு வெசனப்படுவாருண்ணு சொல்லல்ல."

வகுப்பே சிரித்தது. பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "எந்த மட்டம் போவும்ணு தெரியுமா?" என்று கேட்டார்.

"அது யாருக்குத் தெரியும் டீச்சர்? எங்க அப்பாக்கு நல்லா வலை போடத் தெரியும். எண்ணாலும் சில நாளு வெறும் வலைதான் வருது."

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஊதினா நடக்கும்ணு சொல்லுகவன இந்தப் பிள்ளையள் இனி நம்பாது. அது போரும். வசன அட்டையத் தொடப்பிடாது, கேட்டீரா. பழைய கல்யாணக் கார்டு கெடக்கு, வெட்டித் தாறேன். பாடத்த நடத்தும். ஊதாண்டாம்."

அவர் ஓய்வு பெறும்முன் என் நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். இப்போதைய பிள்ளைகள் போனிலேயே சீட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இஸ்பேட் என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. சீட்டின்மேல் நானும் அதன்பிறகு ஊதியதில்லை. அன்று மணி அடித்து, பெரிய டீச்சர் படியிறங்கி மறைந்தபிறகு, வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு ஊதியதுதான் கடைசி. நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்த ஒரே மூச்சில் போயிற்று.