நோன்பாளி ஆக்கிய சோறு

எங்கள் மச்சான் ஜெக்கரியாவுக்கு வாய் நீளம், ஆள் பயந்தாங்கொள்ளி. ஆனால் கைமணம் இருக்கிறதே, அதற்குத் தனியாகத் திருஷ்டி கழிக்க வேண்டும். அதிராம்பட்டினத்துக் கல்யாணங்களில் ஒரே தாலத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உண்ணும் சஹன் சோறு அவர் ஆக்கியதாக இருந்தால் எழுந்திருக்க மனசே வராது. அந்தக் கையை நம்பித்தான், ஊரே விசாவுக்கு அலைந்த தொண்ணூறுகளில், பஹ்ரைனில் ஒரு ஷியா குடும்பத்துக்குச் சமைக்கப் போனார். ஷியா என்றால் என்ன என்று அங்கே போய்த்தான் கேட்டார் மனுசன்.

அந்த வருஷம் மகள் ஹுமைராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. லீவு தர வேண்டியவர் அந்த வீட்டின் மூத்த அம்மா. ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் ஹாஜியா என்பார்கள். "ஆஷூரா முடியட்டும், பாக்கலாம்" என்றுவிட்டார்.

ஆஷூரா முஹர்ரம் பத்தாம் நாள். அன்று அந்த வீட்டில் துக்கம், ஹுசைன் பெயரால் தெருவுக்கே சோறு. நம்மவரோ ஊர் வழக்கப்படி நோன்பு பிடித்திருந்தார். மூஸா நபி கொடிய அரசனிடமிருந்து தப்பிப் பிழைத்த நாளுக்கான நன்றி நோன்பு அது. நோன்பாளி எப்படி உப்புப் பார்ப்பது? வீட்டு டிரைவர், கீழ்வேளூர் பஞ்சநாதனைக் கூப்பிட்டார்.

"ஒரு வாய் போட்டுப் பாருப்பா."

"இன்னும் துளி உப்பு போடுங்க பாய்... ஆங், போதும். அடேயப்பா, ஊருக்கே போயிட்டு வந்த மாதிரி இருக்கு!"

ஹாஜியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஏன் ருசி பாக்கல?"

"நோன்பு, ஹாஜியா. நன்றி நோன்பு."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "எங்க ஹுசைன் செத்த நாள்லயா நன்றி?"

அப்புறம் அழுதுகொண்டே சொன்னார். நபிகள் நாயகம் மறைந்ததும் அடுத்த தலைவர் யார் என்று கேள்வி வந்தது. பெரும்பாலோர் அபூபக்கரை ஏற்றார்கள், மச்சானைப் போன்ற சன்னிகள் அவர்கள் வழி. மருமகன் அலிக்கே உரியது என்றார்கள் சிலர், ஷியாக்கள் அவர்கள் வழி. பிளவின் வேர் அது. பின்னால் அலியின் மகன் ஹுசைனை இதே ஆஷூரா நாளில் அன்றைய ஆட்சியாளரின் படை கர்பலாவில் வளைத்து, ஆற்றுத் தண்ணீரையும் தடுத்துக் கொன்றது. பிளவு ஆறாத புண்ணானது.

மச்சான் அதைத் தமிழில் சொல்லச் சொல்லப் பஞ்சநாதனுக்குப் புரிந்தது. "தண்ணிய மறிச்சானுங்களா? வெளங்குவானுங்களா அவனுங்க!" என்று கொதித்தார். காவிரிக் கடைமடைக்காரர், கோபம் வராதா?

மச்சானுக்கோ வேறு பயம். லீவு போச்சு, மகள் நிக்காஹில் வாப்பா இல்லை. அந்தப் பயத்திலும் வாய் சும்மா இருக்குமா?

"தலைவர் யாருங்கறதுல நமக்குள்ள பேச்சு இருக்கலாம், ஹாஜியா. ஹுசைன் நம்ம நபியோட பேரர்தானே? எங்க வாப்பா பேரே மீரா உசேன். நோன்ப நான் விட மாட்டேன். அழுவணும்னா நானும்தான் அழுவேன்."

சொன்னவர் நிஜமாகவே தேம்பி அழுதார். ஹுசைனுக்காகவா ஹுமைராவுக்காகவா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஹாஜியா உள்ளே போய்விட்டார்.

மாலையில் சன்னிப் பள்ளியின் பாங்குதான் முதலில் கேட்கும். வானச் சிவப்பு மறைந்த பிறகே ஷியா பள்ளியில் சொல்வார்கள். முதல் பாங்கு கேட்டதுமே ஹாஜியா பேரீச்சம்பழத் தட்டோடு அடுப்படிக்கு வந்தார்.

"ஒன் பள்ளியில சொல்லியாச்சு. நோன்பத் தொற. அடுத்த வாரமே மக கல்யாணத்துக்குக் கெளம்பு. வர்ற ஆஷூராவுக்கு முன்னால வந்துடணும்."

பழம் வாய்க்குள் இருக்கும்போதே மச்சான் கேட்டாராம்: "அன்னைக்கும் நோன்பு வைப்பேனே, ஹாஜியா?"

"வையி. நீ நோன்பு வையி, நான் அழுவுறேன். சோறு மட்டும் வேற யாரும் ஆக்கக் கூடாது."