வெந்நீரில் போட்ட மரகதம்

பெரியவளே, சின்னவனே, நேற்று உங்கள் மாமா சாப்பிட்டுக்கொண்டே, “பிள்ளைக்குப் புதன் நீசமாக் கெடக்காரு மச்சான். ஒரு மரகத மோதிரத்தைப் போட்டுவிடுங்க, பிளஸ் டூவுல மார்க்கு அள்ளிரும்” என்றார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் முழித்தீர்கள். வாயால் சொன்னால் சத்தம் போடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கல்லென்றால் எனக்கு உங்கள் அத்தையின் மோதிர விரல்தான் கண்ணில் வரும். சித்தையன்கோட்டையில் அவளைக் கட்டிக்கொடுத்தபோது மாமியார் தன் கையிலிருந்து கழற்றிப் போட்ட மோதிரம். துவரம்பருப்பு அளவு கல். வெயிலில் காட்டினால் நடவு முடிந்து வேர்பிடித்த வயல்போல அப்படியொரு பச்சை. உள்ளே பாசி படிந்தமாதிரி மெல்லிய இழைகள். நான் போகும்போதெல்லாம் விரலை நீட்டிக் காட்டி, “பாத்தியாடா, அம்புட்டு வயலும் எங் கையில” என்று சிரிப்பாள்.

கல்லின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது என்ன செய்யும்? எகிப்து தேசத்திலும் பிறகு தென் அமெரிக்க மலைகளிலும் வெட்டியெடுத்து, கடல் கடந்து வந்த கல். நம் காங்கேயம் பக்கத்து மண்ணில்கூட அதே இனத்துக் கல் நீல நிறத்தில் கிடைத்து, அந்தக் காலத்திலேயே ரோமாபுரிவரை போயிருக்கிறது. ராஜா வைத்திருந்தார், சாமிக்கும் சாத்தினார்கள். ஆனால் வைரம்போல முரட்டுக் கல் இல்லை. பிறக்கும்போதே உள்ளுக்குள் கீறலோடு பிறக்கிற கல். இதை அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!

அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. நகையெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மாமியார் பூந்திக்கொட்டையைத் தட்டிப்போட்டு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். சங்கிலி, வளையல், தோடு எல்லாம் உள்ளே போயின. “அந்த மோதிரத்தையும் கழட்டிக் குடுடி” என்று வாங்கிப் போட்டதும் அவர்தான். அதுவரை அந்த மோதிரத்தைத் துணியால் துடைத்ததோடு சரி. வெளியே எடுத்தபோது கல்லின் குறுக்கே வெள்ளையாக ஒரு வெடிப்பு.

அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்ன பேச்சைக் கேளுங்கள். “எங்க மாமியா கையில இருந்துச்சு, எங் கையில இருந்துச்சு. இவ கைக்கு வந்ததும் வெடிக்குதுன்னா என்ன அர்த்தம்? பத்தினி கையில மரகதம் வெடிக்காது.” ஜோசியரும் தலையாட்டினார். மறுநாளே அத்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

நான் அப்போது காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் எங்களுக்கு நகை செய்கிற பத்தரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். “மரகதம்னா உள்ள கோடு இருக்கும்ப்பா. கோடே இல்லைன்னாத்தான் கண்ணாடியோன்னு சந்தேகப்படணும். அந்தக் கோட்டை எண்ணெய் ஏத்தி மறைப்பாங்க. அதைக் கொண்டுபோய் வேகவச்சா எண்ணெய் எறங்காதா, கல்லுதான் தாங்குமா?” இதை அப்படியே போய் அந்த வீட்டில் சொன்னேன். “கல்லு பொய் சொல்லாது, பத்தரு சொல்லுவாரு” என்று கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் அவர்களாகவே ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் சூடத்தை ஏற்றி, அத்தை அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் கூட்டிக்கொள்வார்களாம். உங்கள் தாத்தா கெஞ்சினார். “ஒரு சூடந்தானே தாயி. அணைச்சிட்டுப் போயிரு.” அத்தை வந்தாள். சூடம் எரிந்தது. சுற்றி நின்ற ஊரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்: “கல்லை வேகவச்சது உங்கம்மா. அவங்க அணைக்கட்டும்.” மோதிரத்தின் தடம் இன்னும் மாறாத விரலால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். தாத்தா பின்னாலேயே ஓடினார்.

இன்றைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் உங்கள் அத்தை தக்காளி மண்டி நடத்துகிறாள். அவள் வாய்ச்சொல்லை நம்பி எந்த ஊருக்கும் லாரி கிளம்புகிறது. அவளிடமா சத்தியம் கேட்டார்கள்! இப்போது அதே கல் மார்க்கு வாங்கித் தரும் என்கிறார்கள். ஒரு பெண்ணின் மானத்தையும் படிப்பையும் ஒரு கல்லிடம் விசாரிக்கிற புத்தி இன்னும் போகவில்லையே என்றுதான் எனக்கு எரிகிறது. மகளே, நீ படி. அது போதும்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோனார்கள். வாசல்படியில் சூடம் எரிந்துகொண்டே கிடந்தது. தெருப்பக்கமிருந்து காற்று அடித்தது. அணைந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்லுவார்களே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது தானாக எரிந்து தீரும்வரை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருந்தேன்.