மைமூன் வக்கீலும் ஒரு பெட்டி கேஸும்

மைமூன் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தென்காசி நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அன்று பெட்டி கேஸ் நாள், சின்னச் சின்னக் குற்ற வழக்குகளை மொத்தமாக எடுக்கிற நாள். ஹெல்மெட் போடாதவர்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள், குற்றாலத்து சீசன் கூட்டத்தில் சத்தம் போட்டவர்கள், சாலையோரம் கடை விரித்தவர்கள் என்று வராந்தா நிறைய ஆட்கள். வடகரையிலிருந்து அக்காவின் தம்பி கூப்பிட்டார். "அக்கா மௌத்தாயிட்டா சார். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. நோய் ஈரல் வரைக்கும் போய்விட்டதைச் சில மாதங்களாகவே அறிந்திருந்தோம்.

வழக்கறிஞர் சங்கத்தில் உடனே கூடிப் பேசி, அவருக்கு மரியாதையாக அன்று யாரும் வழக்கு நடத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். பெட்டி கேஸ்களையாவது முடித்துவிடலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். அதற்குள் எல்லா வழக்குக்கும் வேறு தேதி கொடுத்தாகிவிட்டது. அக்கா இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும் திட்டியிருப்பார். "வாய்தான்னா நமக்கு ஒரு தேதி தம்பி, அவனுக்கு ஒரு நாள் கூலி" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு, யார் இறந்தது என்று விசாரித்தார். சொன்னேன். "அந்தக் கேள்வி கேக்குத அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன்.

இதைப் படிக்கிற வழக்கறிஞர்களாகிய உங்களில் பாதிப் பேர் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நானும் அவரும் ஒரே அறையை வாடகைக்கு எடுத்து ஆளுக்கொரு மேசை போட்டுத் தொழில் செய்தோம். அவர் என்னைவிட மூத்தவர் என்றாலும் எங்களுக்குள் சீனியர், ஜூனியர் என்ற பேச்சு இருந்ததில்லை. வடகரையில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் வளைகுடாவுக்குப் போனார்கள், இவர் சட்டம் படித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரிய வழக்குகள் அவரிடம் வரவில்லை. பெட்டி கேஸ்தான் அவருக்குச் சோறு போட்டது.

அதில் அவர் கெட்டிக்காரராகவும் இருந்தார். பெட்டி கேஸ் எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. பெயரைக் கூப்பிடுவார்கள். நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஒப்புக்கொண்டால் அபராதம், சில நேரம் நீதிமன்றம் கலையும் வரை ஓரமாக நிற்க வேண்டியிருக்கும், பிறகு வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் சாட்சி, விசாரணை, வாய்தா. ஒரு காலை நேரத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்களை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரிந்ததில்லை.

பாலமுருகன் வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஆய்க்குடிக்காரன், அப்போது கல்லூரி முடித்த வயது. குற்றாலத்தில் சீசன் நேரம், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரே வண்டியில் மூன்று பேராகப் போயிருக்கிறார்கள். போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். ஓட்டியவனுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. பொது இடத்தில் அசிங்கமாகப் பேசி இடையூறு செய்ததாக மூன்று பேர் மேலும் வழக்கு. நீதிமன்றத்துக்கு வந்தபோது அக்காவிடம் பாலமுருகன் ஏதோ சொல்ல வந்தான். வண்டியில் கடைசியாகப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன், அந்தத் தகராறில் வாயே திறக்கவில்லை. அக்கா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "அதெல்லாம் எதுக்குப்பா? கேட்டா ஆமான்னு சொல்லு, பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிரலாம்" என்று சொல்லி வரிசையில் நிறுத்தினார். அவனும் ஆமாம் என்றான், அபராதம் கட்டினான், போய்விட்டான்.

சில வருடம் கழித்து அவன் தன் அம்மாவோடு எங்கள் அறைக்கு வந்தான். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறியிருந்தான். தேர்வானவர்கள் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று ஊரே பேசியிருக்கிறது. அவன் மாமா இரண்டு பேர் போலீஸில் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அவனுக்கு வேறு ஆசையும் கிடையாது. வேலைக்கு முன் கடைசியாக நடந்த நன்னடத்தை விசாரணையில் பழைய வழக்கு வெளியே வந்தது. அவன் எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் என்ற காரணத்தால் வேலை கிடையாது என்று ஆணை வந்துவிட்டது.

அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். சண்டை போட வரவில்லை. நாற்காலியில்கூட உட்காராமல், "நீங்க சொன்னதத்தானம்மா எம் மவன் சொன்னான். இப்பம் என்ன செய்யணும்னு சொல்லுங்க, அதையும் செய்யட்டும்" என்றார். அக்கா அவனிடம், அன்றைக்கு வண்டியில் என்ன நடந்தது என்று கேட்டார். அன்று கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் போன பிறகு அக்கா சாப்பாட்டைத் திறக்கவில்லை.

ஒப்புக்கொண்டவனுக்கு மேல்முறையீடு கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம், அதற்கும் காலம் என்றோ கடந்துவிட்டது. தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்கச் செய்ய ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. என்ன நடந்தது என்று விசாரிக்காமலே ஒப்புக்கொள்ளச் சொன்னது வக்கீலான தாமே என்று அக்கா தன் மேலேயே பிரமாணப் பத்திரம் கொடுக்க முடிவு செய்தார். வேண்டாம் என்று எங்களில் எத்தனையோ பேர் சொன்னோம். மூத்த வழக்கறிஞர் ஒருவர் நேரிலேயே வந்து, "எல்லாரும் செய்யத நீங்களும் செஞ்சிய. ஓங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போடாதீங்க" என்று கெஞ்சினார். அக்கா கேட்கவில்லை. அவரே சாட்சியாகிவிட்டதால் அவர் அந்த வழக்கை நடத்த முடியாது. வக்காலத்து என் பெயருக்கு வந்தது.

விசாரணை அன்று நான் வாதாடி முடித்ததும் நீதிபதி அக்காவைப் பார்த்து, நீங்கள் சொன்ன ஆலோசனை தவறானதா என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றார். கருப்பு அங்கி இல்லாமல் அவரை அந்த நீதிமன்றத்துக்குள் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "ஆலோசனை சொன்னா தப்பு இல்லைங்க ஐயா. என்ன நடந்ததுன்னு அவன்ட்ட கேக்காமச் சொன்னேன்" என்றார். நீதிபதி இரக்கமாகத்தான் பேசினார். ஆனால் விவரம் தெரிந்த வயது வந்தவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டதை இத்தனை காலம் கழித்துத் திறக்க முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். சட்டப்படி அதில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் அக்கா, "மதுரை ஐகோர்ட்டுக்குப் போவோம்" என்றார்.

அந்த வழக்குக்குப் பிறகு நீங்கள் அறிந்த மைமூன் அக்கா வேறு ஆள். பெட்டி கேஸ் நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்தார். தன் கட்சிக்காரரா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. பலருக்கு அது தொந்தரவாக இருந்தது. காய்கறி ஏற்றிய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்த ஒரு ஓட்டுநர், கதை சொல்ல நேரமில்லை, தக்காளி அழுகிவிடும் என்று அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். எப்போதோ விற்றுவிட்ட மொபெட்டுக்காக வழக்கில் மாட்டியிருந்த ஒரு பெரியவரை மட்டும் அக்கா விடுவித்தார். அன்று ஒரு நாள் சிரித்தார்.

குற்றாலத்தில் மங்குஸ்தான் பழம் விற்கிற பேச்சியம்மாளின் வழக்கும் அப்போதுதான் வந்தது. போக்குவரத்துக்கு இடையூறாகக் கடை போட்டதாக வழக்கு. தன் கூடை சாலையில் இல்லை, சுவரோரத்தில்தான் இருந்தது என்றார் பேச்சியம்மாள். அக்கா அவரை மறுக்கச் சொன்னார். சாட்சியான காவலர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். அவர் வராமல் வாய்தா மேல் வாய்தா. சீசன் முழுக்கப் பேச்சியம்மாள் கூடையை வைத்துவிட்டுத் தென்காசிக்கு அலைந்தார். சீசனும் முடிந்தது. ஒரு நாள் வந்து, "வக்கீலம்மா, நான் ஒத்துக்கிடுதேன். எனக்கு ஏலல" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் நின்றார், பேச்சியம்மாள் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னார்: "ஒத்துக்கோன்னு சொன்னேன், ஒருத்தன் வாழ்க்க போச்சு. ஒத்துக்காதன்னு சொன்னேன், ஒருத்தி பொழப்பு போச்சு. நான் என்னதான் சொல்லணும் தம்பி?"

மதுரைக் கிளையில் போட்ட மனு எண் வாங்கி, பட்டியலில் வந்து, தள்ளிப்போய், மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா பாலமுருகனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார். இதற்கிடையே அடுத்தடுத்த காவலர் தேர்வுகள் வந்து போயின. அவனுக்கு வயது வரம்பு தாண்டியது. வழக்கில் ஜெயித்தாலும் வேலை கிடைக்க வழியில்லை என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "வேல வேண்டாம். அவன் பேர்ல இருக்கத அழிக்கணும்" என்றார். நோய் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும், நான் பார்க்கப் போனால் முதலில் வரும் கேள்வி, மதுரையில் பட்டியலில் வந்ததா என்பதுதான். கடைசித் தடவை அதைக் கேட்கக் குரல் வரவில்லை. கையைத் தூக்கி வடக்கே காட்டினார். இல்லை அக்கா என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து மையவாடியை விட்டு வெளியே வந்தபோது பாலமுருகன் சாலையோரம் நின்றிருந்தான். இப்போது பாவூர்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறான். முன்தலையில் நரை விழுந்துவிட்டது. அவன் அழுது முடித்திருந்தான். கவலைப்படாதே, மதுரை வழக்கை நான் விடமாட்டேன் என்று அவன் தோளைத் தொட்டுச் சொன்னேன்.

"வேண்டாம் சார்" என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"வயசு தாண்டுன அன்னைக்கே நான் விட்டுட்டேன் சார். பொறவும் நான் வந்தது அக்காவுக்காவத்தான். மதுர பஸ்ல ஏறி உக்காந்தாத்தான் அவங்க மொகம் கொஞ்சம் தெளியும். நான் வரலன்னு சொல்லிட்டா அவங்க என்ன செய்வாங்க?"

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அம்மாதான் போகச் சொன்னார் என்றான். அந்த வக்கீலம்மா நம்மால் தூங்காமல் கிடக்கிறார், கூப்பிட்டால் போய்விட்டு வா என்று ஒவ்வொரு முறையும் அனுப்பியிருக்கிறார். லோடு கிடைத்த நாளில் லோடை விட்டுவிட்டு, எதுவும் நடக்காது என்று தெரிந்தே, அவன் அக்காவின் பக்கத்தில் மதுரை வரைக்கும் உட்கார்ந்து போயிருக்கிறான். அவனைக் காப்பாற்றப் போவதாக அக்கா நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அவன்தான் அக்காவைத் தாங்கியிருக்கிறான். இது அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். தெரியாமலே போயிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மனுவை வாபஸ் வாங்கப் பாலமுருகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அதை நான் இன்னும் தாக்கல் செய்யவில்லை.

அதற்கடுத்த பெட்டி கேஸ் நாளில் வாசலில் நின்றேன். இலஞ்சியைச் சேர்ந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், என் வயதுக்காரர், வழக்கு விவரம் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் தப்பு இல்லை என்றே எனக்குப் பட்டது. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் எடுத்துச் சொன்னேன். "எது நல்லதுன்னு நீங்களே சொல்லிருங்க சார். நான் அதச் செஞ்சிருதேன்" என்றார். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது.

மைமூன் அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த நடுக்கம். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இது இருந்ததில்லை. இனி இது என்னை விட்டுப் போய்விடக் கூடாது.