வெறுங்கையோடு குதித்தவர்

பாராசூட்டில் இறங்கும் சிப்பாய், இறங்கும்போதே சுட்டுக்கொண்டு வருவான் என்று ஆம்பூரில் எல்லோரும் நம்பினார்கள். நம்பினார்கள் என்பதுகூடக் குறைத்துச் சொல்வதுதான், நேரில் பார்த்தவர்களைப் போலப் பேசினார்கள். எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் ஒரு காலண்டர் படம் தொங்கியது. அதில் ஒருவன் வலது கையில் ஒரு துப்பாக்கி, இடது கையில் ஒரு துப்பாக்கி, பல்லில் ஒரு கத்தியோடு மேகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். இவன் பாராசூட்டின் வாரை எதால் பிடித்துத் திருப்புவான் என்று எங்கள் ஊர்ப் பிரகஸ்பதிகளில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

என் கணவர் அப்படிக் குதித்தவர்களில் ஒருவர். யுத்தத்தின் கடைசி வருஷம், பர்மாவில். கல்யாணமான புதிதில் நானும் அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் அவரிடம் விசாரித்தேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, கேள்வி கேட்டே பழகியவள்.

"கையில துப்பாக்கியா? ரெண்டு கையும் வாரப் புடிச்சிக்கவே போதல. எங்களுது பொட்டியில தனியா எறங்குச்சி" என்றார்.

அது ஆள் நீளத்துக்கு ஓர் உருளைப் பெட்டி. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மாட்டியிருப்பார்களாம். அதற்கென்று தனியாக ஒரு பாராசூட், தூரத்திலிருந்து அடையாளம் தெரிவதற்காக வண்ணத் துணியில். சிலர் துப்பாக்கியை நீளமான பைக்குள் போட்டுக் காலோடு கட்டிக்கொண்டு குதிப்பார்கள். சிலர் சின்ன மெஷின் துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி மார்பு வாருக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். எப்படிக் குதித்தாலும் ஆகாயத்தில் ஒரு தோட்டாகூடச் சுட முடியாது. போதாக்குறைக்கு அந்தச் சின்னத் துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் தானாகவே வெடித்துத் தொலைக்கும். "எதிரிய வுட அதுக்குத்தான் ஜாஸ்தி பயந்தோம்" என்றார்.

இவர் விழுந்தது சேற்றில். இடது கணுக்கால் முறிந்துவிட்டது. நீலத் துணி போட்ட பெட்டி இரண்டு வயல் தள்ளி விழுந்து கிடந்தது. சுற்றிலும் புதர். அதற்குள் யார் இருக்கிறார்கள், எப்போது சுடுவார்கள் என்று தெரியாது. இடுப்பில் ஒரு கத்தியைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்துபோய், பெட்டியைத் திறந்து, பின்னால் வந்தவர்களுக்குத் துப்பாக்கிகளை எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். தான் யாரையாவது சுட்டதாக அவர் சொல்லவே இல்லை. எனக்கு அவர்மேல் ஆசை வந்தது அந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான்.

கால் சரியாகக் கூடவில்லை. ஊருக்குத் திரும்பியவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைதான் கிடைத்தது. முடி உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் தொட்டி அது. ஈரத்திலேயே நாளெல்லாம் நிற்கவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்தக் கணுக்கால் வீங்கி, தோல் வெடித்து, ரத்தம் கசியும். அதனால், டேனரி வாசலுக்கு ஒரு வாட்ச்மேன் தேவை, பட்டாளத்து ஆளாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். வாட்ச்மேன் என்றால் உட்கார ஒரு ஸ்டூல் கொடுப்பார்கள். எனக்கு அந்த ஸ்டூல்தான் வேண்டும்.

போட்டிக்கு இன்னொருவனும் இருந்தான். பட்டாளத்தில் இருந்தவன்தான், பொய் இல்லை. ஜபல்பூர் கிடங்கில் கோதுமை மூட்டைக்குக் காவல் இருந்தவன். ஆனால் மீசை இருந்தது.

ஆயுத பூஜை அன்று எங்கள் டேனரியில் தோல் வழிக்கும் கத்திகளைக் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்குவார்கள். குடும்பத்தோடு போவோம், பொரிகடலை தருவார்கள். அந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார். யுத்த காலத்தில் எங்கள் ஊர் டேனரிகள் ராத்திரி பகலாகப் பட்டாளத்துக்குத் தோல் அனுப்பின. அந்தப் பெருமை ஊரில் இன்னும் வற்றவில்லை. சிப்பாய் உடம்பில் எதெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் நம் தோல் என்பது இவர்கள் கணக்கு. பட்டாளத்தான் என்றாலே வானத்திலிருந்து குதித்தவன்தான் என்பதும் இவர்கள் கணக்கு. ஆகவே முதலாளி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"வானத்துல இருந்து குதிக்கிறீங்களே, துப்பாக்கியக் கட்டியிருந்த வாரு, நம்ம தோலுதானே?"

மீசைக்காரன் முந்திக்கொண்டான். "வேற இன்னா மொதலாளி? மேகத்துக்குள்ள போவசொல்லோ நம்மூருல தோல ஊறவெக்கிற ஆவாரம்பட்ட வாசன குப்புனு அடிச்சிது. அந்தத் தெகிரியத்துலதான் எறங்கிக்கினே சுட்டேன்."

கைதட்டினார்கள். மேஸ்திரியின் கண்ணில் நீர். ஜபல்பூர் கிடங்குக்குள் மேகம் ஏது, அந்த ஆள் ஏறிய உயரமெல்லாம் கோதுமை மூட்டை உயரம்தானே என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அடுத்து இவர். "துணி மொதலாளி. கித்தான் பட்டை. பர்மா மழைக்குத் தோலு பூஞ்சை புடிச்சிடும். துப்பாக்கியும் கூட வரல, பொட்டியில வந்துச்சி. காலுல போட்டிருந்த பூட்ஸு தோலுதான்."

யாரும் கைதட்டவில்லை. தோலைக் குறைசொன்னதை மன்னித்திருப்பார்களோ என்னவோ, பூஞ்சை என்ற வார்த்தையை மன்னிக்கவில்லை. தோல் சரக்கை விற்பவன் முன்னால் அந்த வார்த்தையை எடுக்கலாமா? பூட்ஸ் என்றதும் முதலாளி முகம் சுளித்தார். காலில் இருந்தால் கௌரவம் குறைச்சலாம்! இந்த ஊர்த் தோல் முக்கால்வாசி உலகத்தார் காலுக்குத்தான் போகிறது, அந்தச் செருப்புக் காசில்தான் ஊரே சோறு தின்கிறது. பின்னாலிருந்து ஒருவன், "துப்பாக்கியே இல்லாம இன்னாத்துக்குக் குதிச்ச? பல்லி மாரி வுழுந்தியா?" என்று கேட்டான். சிரித்தார்கள். அவன் ஏலகிரி மலையைவிட உயரமான எதிலும் ஏறியவன் இல்லை.

ஸ்டூல் மீசைக்காரனுக்குப் போயிற்று. வீட்டுக்கு நடந்து வரும்போது நான் வழியெல்லாம் அந்த முட்டாள்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் எனக்குக் கர்வம் தாளவில்லை.

பதினைந்து வருஷம் இவர் சுண்ணாம்பில் நின்றார். வாசலில் அந்த ஆள் உட்கார்ந்து, வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் ஆகாயச் சண்டையை விற்றுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் அவன் சுட்டவர்கள் தொகை ஏறியது.

பிறகு வடக்கே சண்டை வந்தது. பாராசூட்டில் எதிரிகள் இறங்குகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதும் எங்கள் ஊருக்குக் குளிர் கண்டுவிட்டது. ஏலகிரியில் இறங்குவார்களாம், பாலாற்று மணலில் இறங்குவார்களாம், இறங்கும்போதே சுடுவார்களாம். அவ்வளவு தூரம் பறந்துவந்து, நாறுகிற மாட்டுத்தோலை எடுத்துக்கொண்டு போகவா? முதலாளி, டேனரியைக் காக்கச் சொல்லி வாட்ச்மேனுக்கு ஆள் அனுப்பினார். மீசைக்காரன் முதல் பஸ்ஸிலேயே குடியாத்தத்துக்கு, மாமியார் வீட்டுக்கு, போய்விட்டிருந்தான். திரும்பி வரவில்லை.

மறுநாள் முதலாளி இவரைக் கூப்பிட்டனுப்பினார். இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கைகால் கழுவவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேல குட்த்துட்டாங்க" என்றார்.

"இன்னா கேட்டாங்க?"

"அதே கேள்விதான்."

நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன்.

"தோலுன்னு சொல்லிட்டேன். கால் முடியலம்மா."

அவரை நான் என்ன சொல்லமுடியும்? அந்தக் காலைத் தினமும் பார்க்கிறவள் நான். சோறு போட்டேன். சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, அவர்மேல் கோபத்தால் அல்ல. பதினைந்து வருஷம் காத்திருந்து அந்த ஊர் தன் கேள்விக்குத் தனக்கு வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டதே என்றுதான்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் கால் தேறியது. வருகிறவர்கள் கதை கேட்டார்கள், இவரும் சொன்னார். முதலில் வார் மட்டும் தோலாயிற்று. அப்புறம் துப்பாக்கி பெட்டியிலிருந்து கைக்கு வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு இறங்கும்போதே சுட்டார். அவருக்கும் கைதட்டினார்கள். கால் உடைந்ததுகூட எதிரியின் குண்டு பட்டு என்று ஆகிவிட்டது. வேலைக்காகச் சொல்கிறார், வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையைச் சட்டை மாதிரி கழற்றி வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் கணுக்காலை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவரும் நானும் மட்டும்தான். வீட்டுக்கதவு சாத்தியிருந்தது.

"ஏங்க, இந்தக் கால இழுத்துக்கினே தவழ்ந்து போனீங்களே, அந்த நீலத்துணி போட்ட பொட்டி, அதத் தெறக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"எந்தப் பொட்டி?" என்றார்.