அம்மா அழுத மெட்டு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மாவுக்குக்கூட வழியில்லாமல் போன வருஷங்களில்தான் என் தங்கை செத்தாள். ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. அம்மாவும் தங்கையும் கொழுந்து எடுத்தார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தேன்.

அந்த வருஷம் வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்கள். பலாக்கொட்டையும் காட்டுக் கீரையும் தண்ணீராகக் கரைத்த மாவுக் கஞ்சியும்தான் சாப்பாடு. தங்கைக்குப் பதினேழு வயது. வயிற்றோட்டம் கண்டு நாலு நாளில் துணியாய்த் துவண்டு போனாள். கடைசி நாள் காலையிலும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து கூடையைத் தலையில் மாட்டியவள், வாசலைத் தாண்ட முடியாமல் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் படுத்தாள். மத்தியானம் உயிர் போனது. அம்மா கரைத்து வைத்த கஞ்சி ஒரு வாய் மட்டும் குறைந்து சட்டியில் இருந்தது.

சாவு வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பது வழக்கம்தான். எல்லோருக்கும் தெரிந்த வரிகள், எல்லோருக்கும் தெரிந்த இழுப்பு. அன்றைக்கு அம்மா அந்த வரிகளைப் பாடவில்லை.

"கூடைய எறக்கி வச்சு கூப்பிடாமப் போனவளே
மாவு கரைச்சு வச்சேன் மறுவாயி திங்கலையே"

மற்றப் பெண்கள் குரலை இறக்குகிற இடத்தில் அம்மா ஏற்றினாள். ஏற்றி, நடுவில் மூச்சு அறுந்து நிறுத்தி, மறுபடி அந்த அறுந்த இடத்திலிருந்தே தொடங்கினாள். நான் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் அந்த மெட்டு காதுக்குள் போய்விட்டது. உள்ளே போய்ப் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, மண் தரையில் உட்கார்ந்து வரிகளை எழுதிக்கொண்டேன். எங்கே ஏறுகிறது, எங்கே அறுகிறது என்று கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். வெளியே தங்கையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அதற்கு இரண்டு சரணம் எழுதிச் சேர்த்தேன். முதல் வரிகள் அம்மாவுடையவை, சரணங்கள் என்னுடையவை என்று இப்போது பிரித்துச் சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் பாட்டு முழுக்க நான் கட்டியது என்றேன்.

பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர் இசைக்குழு நடத்தினார். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய குழுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தேன். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார். நான் தங்கை பாட்டைப் பாடுவேன். பூனாகலைத் திருவிழாவில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பாடி முடித்ததும் ஒருவர் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த முறை பாடும்போது மூச்சு அறுகிற இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். எங்கள் தோட்டத்தில் மட்டும் அதை ஒருநாளும் பாடவில்லை. ஏன் என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சில வருஷங்கள் கழித்துக் கடைகளில் ஜப்பான் கேசட் ரெக்கார்டர்கள் வந்து குவிந்தன. குழுத் தலைவர் ஒன்று வாங்கி, கடையின் பின்னறையில் சாக்குகளைத் தொங்கவிட்டுச் சத்தம் வராமல் செய்து வைத்திருந்தார். "ஒருக்காப் பாடுங்க தம்பி, பதிஞ்சு வைப்போம். ஒங்களுக்கும் ஒரு கொப்பி தாறேன்" என்றார். தங்கை பாட்டோடு, நான் முழுக்க முழுக்கச் சொந்தமாகக் கட்டிய ஐந்து பாட்டுகளையும் பாடினேன். அவர் பதிந்து தந்த கேசட்டைத் தவிர ஒன்றும் எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் பாட்டை அடுத்து நான் கேட்டது பண்டாரவளையிலிருந்து வந்த தனியார் பஸ் ஒன்றில். அப்புத்தளை தாண்டியதும் டிரைவர் கேசட்டை மாற்றினார். பொங்கோவும் கிட்டாரும் துள்ளின. பிறகு குழுத் தலைவரின் குரல்.

"கூடைய எறக்கி வச்சு என்கூட வாடி புள்ள
மாவு கரைச்சு வச்சேன் மசாலத் தோசை திங்க"

அம்மாவின் மெட்டுத்தான். வேகத்தை மட்டும் மூன்று மடங்காக்கியிருந்தார். மூச்சு அறுந்த அந்த இடத்தில் ஒருத்தன் விசில் அடித்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். மசாலத் தோசை வரும்போதெல்லாம் பின்சீட்டில் இருந்தவர்கள் சேர்ந்து கத்தினார்கள். நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கொஸ்லந்தை வரைக்கும் போய், திரும்ப நடந்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன். கேசட் அட்டையில் இசை, பாடல் இரண்டுக்கும் அவருடைய பெயர் போட்டிருந்தது. அது என் தங்கை செத்த பாட்டு, உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"ஒப்பாரிக்கு யாரு தம்பி சொந்தக்காரன்? வீட்டுக்கு வீடு வைக்கிறதுதானே. நீங்களே எங்கேயோ கேட்டுத்தான் பாடியிருப்பீங்க."

நான் கேஸ் போடுவேன் என்றேன்.

"கப்பல் ஏறப் போற ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்குக் கேஸு?" என்றார். நாங்கள் இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியும். நான் கிளம்பும்போது அந்தக் கேசட்டில் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் சாட்சி என்று நினைத்தேன்.

தெரிந்த ஒருவர் பதுளையில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். அவர் பொறுமையாகக் கேட்டார். இப்படிப்பட்ட விஷயங்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் பாட்டை உண்டாக்கியவன் நான்தான் என்று நிரூபிக்கவேண்டும் என்றார். கொப்பியைக் காட்டினேன். அதில் தேதி இல்லை. எதிர்த்தரப்பு இதை நாட்டார் பாட்டு என்றுதான் சொல்லும், முதன்முதலில் நீ பாடியதைக் கேட்ட ஆள் யாராவது வந்து சொல்லவேண்டும் என்றார்.

"சாவு நடந்த வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க? ஒங்கம்மா இருக்காங்கதானே? அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க."

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். நான் தங்கச்சி மேல் ஒரு பாட்டுக் கட்டினேன், அதை ஒருத்தன் திருடிவிட்டான், வக்கீலிடம் வந்து நான் கட்டியதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். தங்கச்சி பேருக்காக என்றதும் அம்மா சரியென்றாள். ஒருநாள் பேரையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வக்கீலின் மேசையில் கேசட் பெட்டி இருந்தது. முதலில் குழுத் தலைவரின் பாட்டைப் போட்டார். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்து நான் பாடிப் பதிந்திருந்ததைப் போட்டார். முதல் வரி முடிவதற்குள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு அறுகிற இடம் வந்தது. மேடைக்கென்று நான் நீட்டிப் பழகிய அதே அறுப்பு. அம்மா கண்ணை எடுக்கவேயில்லை.

வக்கீல் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இத ஒங்க மகன் கட்டினதுதானே அம்மா?"

"இல்லைங்க ஐயா" என்றாள் அம்மா. "அது நான் அழுதது."

நான் குறுக்கிட்டுச் சரணங்களைப் பற்றி ஏதோ சொன்னேன். வக்கீல் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அப்படியானால் பாட்டு உங்களுடையது, நீங்களே வழக்குப் போடலாம், கைநாட்டு வைத்தால் போதும் என்று அம்மாவுக்கு விளக்கினார். அவர் நல்ல மனுஷர். அம்மா அவரைக் கேட்டாள்.

"கோட்டுல இத மறுபடி போடுவாங்களா?"

"போட்டுத்தாம்மா காட்டணும். ரெண்டையும்."

"அப்ப வேணாங்க."

திரும்பி வரும்போது பஸ் பண்டாரவளையைத் தாண்டியது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவளக் குளிப்பாட்டயில நீ உள்ளுக்கு ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தியே. அது இதுதானா?"

ஆமாம் என்றேன்.

"நீ பெரியம்மாவுக்குத் தந்தி எழுதுறன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அம்மா வாயால் நான் கேட்டதில்லை.

வக்கீல் வீட்டில் நடந்தது எப்படியோ பஜாருக்குப் போய்விட்டது. பெற்ற தாயே சாட்சி சொல்லாதவன் என்று குழுத் தலைவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த கேசட்டில் என்னுடைய மற்ற ஐந்து பாட்டுகளும் அவர் பெயரில் வந்தன. அவை உண்மையிலேயே என்னுடையவை. ஒரு சொல்லைக்கூட யாரிடமிருந்தும் எடுத்ததில்லை. ஆனால் எந்த முகத்தோடு மறுபடி வக்கீல் படியேறுவது? அவற்றையும் விட்டுவிட்டேன்.

எங்கள் லயத்திலேயே ஒரு கல்யாணத்தில் தோசைப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அம்மா காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் அதை நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளையின் அண்ணன், என்னோடு பள்ளிக்கூடம் போனவன், என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஒன் பாட்டு இல்லைன்னு ஒங்கம்மாவே சொல்லிட்டாங்களாமே. பொறகு என்னடா ஒனக்கு?" என்றான்.

எல்லோரும் ஆடினார்கள். தங்கையோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்களும் ஆடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது தோசைப் பாட்டு மட்டும்தான்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது வக்கீல் எனக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். இனி எதை எழுதினாலும் தேதி போட்டு, உறையில் ஒட்டி, உனக்கு நீயே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொள், வந்த உறையைப் பிரிக்காதே, நீ எழுதியதற்குத் தபால் முத்திரை சாட்சி என்றார். பிறகு கட்டிய பாட்டுகளுக்கெல்லாம் அப்படியே செய்தேன். தபால்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்குவார். பன்னிரண்டு உறைகள் சேர்ந்தன. அவற்றை யாரும் திருடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இந்தியாவுக்கான கடவுச்சீட்டு வருவதற்கு முன்னால் அப்பா இறந்துபோனார். கவ்வாத்து மலையில் விழுந்து, தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே போய்விட்டார். லயத்துப் பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அப்பாவின் காலடியில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் விட்டு அழுதுவிடு, நெஞ்சு அடைத்துவிடும் என்று, தந்தி கண்டு வந்திருந்த பெரியம்மா முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா நிமிர்ந்து, சுவரோரம் நின்ற என்னைக் காட்டினாள்.

"அவன வெளிய போகச் சொல்லுங்க. அப்பறம் அழுறேன்."

காம்பரா நிறையப் பெண்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக் கதவுவரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

வெளியே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே அம்மாவின் குரல் எழும்பியது. இந்த முறை இறக்கத்தில் தொடங்கினாள். மூன்றாவது வரியில் யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில் திரும்பினாள். என் விரல்கள் தொடையில் ஆர்மோனியக் கட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டன. நான் கையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் குரல் கேட்காத தூரத்துக்கு, தொழிற்சாலை இஸ்டோர் பக்கமாக இறங்கி நடந்தேன். அப்பாவைத் தூக்கும்போது ஆள் அனுப்பித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.