தலைகீழாக வந்த விண்மீன் திரள்

நஸீமா அக்கா மறைந்த செய்தி வந்தபோது சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மாலையே அடக்கம் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். "வெட்டவாம்மா?" என்று மீன்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நம் ஆய்வுக் குழுவில் சேர்ந்த புதிதில் கூட்டங்களில் வாயே திறக்கமாட்டேன் என்பது குழு நண்பர்களான உங்களுக்குத் தெரியும். என்னைவிடச் சில ஆண்டுகளே மூத்த அக்கா, பக்கத்து மேசையிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "நீ பேசமாட்டே, நான் நிறுத்தமாட்டேன். நல்ல ஜோடி லா," என்றார்.

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து விண்மீன் திரள்களில் எவை மோதி இணைகின்றன என்று கண்டறிவது நம் வேலை. மங்கலான புள்ளிகள், ஆசைப்பட்டால் எதிலும் மோதல் தெரியும். அதனால் பார்த்த படங்கள் சிலவற்றைத் தலைகீழாக்கி, பெயரை நீக்கி, மறுபடி கலந்து வைத்து, அதே பதில் வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை அக்கா கொண்டுவந்தார். "கண்ணுக்கும் டெஸ்ட் வைக்கணும்," என்பார்.

படங்களைக் கலந்து வைக்கும் முறை எனக்கு வந்தபோது, அவருடைய கட்டுரையின் முக்கியமான படத்தையே திருப்பி வைத்தேன். இணையும் ஜோடி என்று எழுதி, மறுநாள் ஆய்விதழுக்கு அனுப்பவிருந்தார். திருப்பிய படத்தைப் பார்த்தவர், தயங்காமல் 'இணையவில்லை' என்று குறித்தார். பிறகு உணவங்காடியில் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, நீங்க இல்லைன்னு போட்டீங்களே... அது உங்க படம்."

"எது?"

"பேப்பர்ல முதல் படம்."

அக்கா சிரித்துவிட்டார். "அடிப்பாவி! வாயத் தொறக்க இந்த நாளா பாத்தே?" பரோட்டாத் தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. பேப்பர் இப்பப் போகாது."

மாதங்கள் கழித்து, ஒளியைப் பிரித்துத் தொலைவு அளந்த தரவு வந்தது. ஒரு திரள் முன்னால், மற்றது வெகு பின்னால். ஒரே நேர்கோட்டில் இருந்ததால் ஒட்டித் தெரிந்திருக்கின்றன. குழுக் கூட்டத்தில், "இவ சொல்லுவா," என்று என்னை எழுப்பிவிட்டு அக்கா உட்கார்ந்துகொண்டார். சொன்னேன். கடைசிவரை நின்று முடித்தேன். அந்தப் படம் இல்லாமல் வந்த கட்டுரை சிறியது. இன்றுவரை அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தன் முடிவைச் சந்தேகித்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்ன மனம் அவருடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் விட்டுச்சென்ற படத்தொகுப்பின் முடிவை அடுத்த கூட்டத்தில் நான்தான் சொல்லப்போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று அதில் இருக்கிறது. அதையும் சந்தேகித்து, தயவுதாட்சண்யம் பார்க்காமல் கேள்வி கேளுங்கள். நின்று பதில் சொல்வேன்.