தையல் கத்திரியால் வெட்டிய தகடு

எங்கள் குளியலறைக் கதவின் அடிப்பலகை ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. அதில் அடிக்க, நான் வேலை பார்த்த சிவகாசி அச்சாபீசிலிருந்து காலண்டர் அச்சடித்துக் கழித்த அலுமினியத் தகடு ஒன்றை வாங்கி வந்தேன். குளியலறைக்குச் சாமி படம் ஆகாது என்று, வெறும் தேதிகள் இருக்கும் மாதத் தகடாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

"ஸ்கேல வச்சுக் கத்தியால ஆழமாக் கீறுங்க. ரெண்டு தடவ மடக்கி நிமித்துனா தன்னால ஒடிஞ்சிரும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பொம்பளை சொல்லி அவர் எதையும் செய்ததில்லை. "கத்திரி எதுக்கு இருக்கு?" என்று என் தையல் கத்திரியை எடுத்தார். புதிதாக வாங்கிய செல்போனைத் தோளில் இடுக்கி, லோடு ஏறியதா என்று கேட்டுக்கொண்டே கோடு போடாமல் வெட்டினார். கத்திரி மழுங்கியது. தகட்டின் ஓரம் கருக்கரிவாள் மாதிரி பல் பல்லாக நின்று அவர் விரலைக் கிழித்தது. அதற்கும் தகட்டைத்தான் திட்டினார்.

கோணலை நேராக்குகிறேன் என்று மேலும் மேலும் நறுக்கி, மிஞ்சியதைக் கதவில் ஆணியடித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். அது தீபாவளி வரும் மாதம். தீபாவளியைத்தான் காணோம். எந்த ஒரு நாளை நம்பி இந்த மனுசன் வருசம் பூராவும் சோறு தின்றாரோ, அந்த நாளை வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார்.